நிறங்களின் நீதிமான் ஷெவ்ரூல்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

ஸ்டியரிக் அமிலம், ஒலியிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் ஆகிய பெயர்கள் வேதியியல் பயிலும் மாணவர்க்குப் புதியன அல்ல. தேர்வுக்காக அவற்றின் வாய்பாடுகளை இரவு பகலாக உருப்போடுகிறோம். ஆனால் அவற்றை முதன்முதலாகப் பிரித்தெடுத்துப் பெயரிட்டு உலகுக்கு அறிமுகம் செய்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் வாய் திறவோம். அவர்தாம் மிஷேல் யூஜீன் ஷெவ்ரூல் என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர். 1786 முதல் 1889 வரை, 102 ஆண்டுகள் நிறைவாழ்வு வாழ்ந்த பெருந்தகை.

கொழுப்பின் இயல்பைக் கண்டறிந்தவர் என்று வேதியியல் நூல்கள் அவரைப் போற்றும். அப்புகழ் அவருக்கு உரியதே. எனினும் இக்கட்டுரையில் நான் மிகுதியாகக் கூற விரும்புவது அவருடைய வாழ்வின் மற்றொரு பகுதியை. ஒரு சாயச்சாலையின் மீது சுமத்தப்பட்ட பழியை ஆராயப் புகுந்தவர், மனிதக் கண்ணைப் பற்றிய ஓர் அரிய உண்மையை வெளிக்கொணர்ந்தார். ஒரு பொருளைப் பார்க்கும்போது நாம் அப்பொருளை மட்டும் பார்ப்பதில்லை. அதன் அண்டை அயலையும் சேர்த்தே பார்க்கிறோம். அண்டை மாறினால் பொருளும் மாறியதாகத் தோன்றும். இவ்வுண்மை எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதை அவர் வாழ்வோடு சேர்த்துச் சொல்வதே என் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள ஆஞ்சே என்னும் நகரில் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் ஷெவ்ரூல் பிறந்தார். தந்தையார் மருத்துவர். குழந்தைக்கு மூன்று வயது நிரம்புமுன் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. மன்னராட்சி வீழ்ந்தது; பழைய பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. புதிய வேதியியலின் தந்தை எனப்படும் லவாய்சியர் 1794இல் கில்லட்டினுக்குப் பலியானார். அப்போது ஷெவ்ரூல் எட்டு வயது கூட நிரம்பாத சிறுவர். ஒரு வேதியியலாரின் தலை வீழ்ந்த அந்நாட்டில் இன்னொரு வேதியியலார் வளர்ந்துகொண்டிருந்தார்.

முதலில் வீட்டிலும், பின்னர்ப் புரட்சி அரசு ஆஞ்சே நகரில் நிறுவிய நடுவண் பள்ளியிலும் அவர் கல்வி பயின்றார். 1803இல், தம் பதினேழாம் வயதில், வேதியியல் கற்கும் வேட்கையோடு பாரிசு மாநகர் சென்றார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசான் வோக்லன். குரோமியம் என்னும் தனிமத்தைக் கண்டுபிடித்தவர் இவரே. ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்து உழைப்பால் உயர்ந்தவர். நல்லாசிரியர் ஒருவர் அமைந்துவிட்டால் மாணவனின் பாதி வழி கடந்தாயிற்று என்பார்கள். ஷெவ்ரூல் விரைவிலேயே ஆசானின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக உயர்ந்தார். பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இளம் வயதிலேயே பணியும் கிடைத்தது. 1813இல் சார்லமேன் உயர்பள்ளியில் பேராசிரியர் ஆனார்.

கொழுப்பும் மெழுகுவத்தியும்

1811ஆம் ஆண்டில் பன்றிக்கொழுப்பிலிருந்து செய்யப்பட்ட சோப்பு ஒன்றைப் பகுத்தாராயும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. சோப்பை மக்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தனர். ஆயினும் கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சோப்பு ஏன் உண்டாகிறது என்பதை விளக்குவார் இல்லை. ஷெவ்ரூல் அச்சோப்பை அமிலத்தால் சிதைத்துப் பார்த்தார். மின்னும் வெண்ணிறப் பொருள் ஒன்று வெளிப்பட்டது. அது ஓர் அமிலம். அன்று தொடங்கிய ஆய்வு பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் கூடிய சேர்மம் என்னும் முடிவை 1823இல் பெருநூலாக வெளியிட்டார். கரிம வேதியியல் தவழும் பருவத்தில் இருந்தபோது நிகழ்ந்த சாதனை இது.

இவ்வாய்வில் அவர் கையாண்ட முறை ஒன்று குறிப்பிடத்தக்கது. பிரித்தெடுத்த பொருள் தூயதுதானா என்பதை அதன் தோற்றத்தைக் கொண்டு அவர் முடிவு செய்யவில்லை. மீண்டும் மீண்டும் படிகமாக்கி, உருகுநிலை மாறாமல் நிற்கிறதா என்று பார்த்தார். இன்று நம் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு மாணவனும் செய்யும் உருகுநிலைச் சோதனையின் பின்னே இப்பெரியாரின் உழைப்பும் இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றுவன ஒன்றல்ல என்ற எச்சரிக்கை அவருள் அப்போதே வேரூன்றிவிட்டது எனலாம்.

நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் உள்ள சர்க்கரை திராட்சையில் உள்ள சர்க்கரையே என்று 1815இல் காட்டியவரும் இவரே. பித்தக்கற்களில் காணப்படும் பொருளுக்குக் கொலஸ்டரின் எனப் பெயரிட்டார். அதுவே இன்று எல்லோர் வாயிலும் அடிபடும் கொலஸ்ட்ரால். அக்கால ஏழையர் இல்லங்களில் எரிந்த மாட்டுக்கொழுப்பு மெழுகுவத்தி புகையும் நாற்றமும் நிறைந்தது. கொழுப்பு அமிலத்தால் நல்ல மெழுகுவத்தி செய்யும் முறைக்கு 1825இல் ஷெவ்ரூலும், விதிகளால் நாம் நன்கறிந்த கேலூசாக்கும் சேர்ந்து காப்புரிமை பெற்றனர். அவர்கள் கையில் அது தொழிலாகச் செழிக்கவில்லை. 1830க்குப் பின் தெ மிய்யி என்பவர் முறையைச் செம்மைப்படுத்தி வெற்றி கண்டார். புகையற்ற ஒளி இல்லந்தோறும் பரவியது.

கோப்லன் சாயச்சாலை

1824ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம். பாரிசில் உள்ள கோப்லன் அரச நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்கு அவர் இயக்குநராக அமர்த்தப்பட்டார். பதினைந்தாம் நூற்றாண்டில் கோப்லன் என்னும் சாயக்காரக் குடும்பத்தார் பியேவ்ர் ஆற்றங்கரையில் தொடங்கிய தொழில் அது. 1662இல் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் அரச நெசவுச்சாலையாயிற்று. அரண்மனைச் சுவர்களில் தொங்கவிடும் சித்திரத் திரைச்சீலைகள் அங்கு நெய்யப்பட்டன. தூரிகைக்குப் பதில் நூல். வண்ணக் குழம்புக்குப் பதில் சாயமேற்றிய கம்பளி. ஓர் ஓவியத்தில் உள்ள நிழலையும் ஒளியையும் நூலிழைகளாலேயே கொண்டுவர வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் வெளிர் முதல் அடர்வரை பல படிகளில் நூல் தேவைப்படும். இரண்டு படிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மயிரிழை அளவே இருக்கும். அம்மயிரிழை வேறுபாட்டில்தான் சித்திரத்தின் உயிர் இருந்தது.

ஷெவ்ரூல் பொறுப்பேற்றதும் சாயங்களைப் பற்றிய குறைகள் அவர் முன் வந்தன. வெளிர் நீலம், ஊதா, சாம்பல், பழுப்பு ஆகியன விரைவில் வெளுத்துவிடுகின்றன என்பது ஒரு குறை. கறுப்பு போதிய அழுத்தமாக இல்லை, குறிப்பாக நீல ஆடையிலும் ஊதா ஆடையிலும் நிழலுக்காக நெய்யும் கறுப்பு மங்கிச் சோகையாகத் தெரிகிறது என்பது மற்றொரு குறை.

நண்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். குறை கூறியவர்கள் பொய்யர் அல்லர். கறுப்பு உண்மையிலேயே அவர்கள் கண்ணுக்கு மங்கித்தான் தெரிந்தது. பழியோ கொப்பரைகளின் முன் வெந்துகொண்டிருந்த சாயத் தொழிலாளிமீது விழுந்தது. புதிதாக வந்த அதிகாரி என்ன செய்திருக்கலாம்? பழைய ஆட்களைக் கண்டித்திருக்கலாம். வேறு ஆட்களை வைத்திருக்கலாம். அல்லது தம் பிரிவின் மானத்தைக் காக்கக் குறை கூறியவர்களின் வாயை அடைத்திருக்கலாம். ஷெவ்ரூல் இவ்விரண்டையும் செய்யவில்லை. ஒவ்வொரு குறையையும் தனித்தனியே ஆராய்ந்தார்.

சில நிறங்கள் வெளுக்கின்றன என்ற குறை நியாயமானதே என்று கண்டார், அதனை ஒப்புக்கொண்டார். கறுப்பைப் பற்றிய குறையை ஆராய்வதற்கு, பிரான்சிலும் அயல்நாடுகளிலும் பெயர் பெற்ற சாயச்சாலைகளிலிருந்து கறுப்புக் கம்பளியை வரவழைத்தார். அவற்றைக் கோப்லன் கறுப்போடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். எவ்வகையிலும் கோப்லன் கறுப்பு தாழ்ந்ததாக இல்லை. அப்படியாயின் திரைச்சீலையில் மட்டும் அது ஏன் மங்குகிறது? சாயத்தில் குற்றம் இல்லை. சாயமிட்டவனிடமும் குற்றம் இல்லை. கறுப்பின் பக்கத்தில் அமர்ந்திருந்த நீலமும் ஊதாவுமே காரணம் என்று தெளிந்தார். வேதியியலார் ஒருவர் கொப்பரையை விட்டுக் கண்ணை ஆராயத் தொடங்கியது இவ்வாறுதான்.

விதி பிறந்தது

அவர் செய்த அடிப்படைச் சோதனை மிக எளியது. வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரே அளவான இரண்டு பட்டைகள், அடர் சாம்பல் நிறத்தில் இரண்டு பட்டைகள் எடுத்துக்கொண்டார். வெளிர்ப் பட்டை ஒன்றையும் அடர்ப் பட்டை ஒன்றையும் நடுவில் ஒட்டி வைத்தார். மற்ற இரண்டையும் இருபுறமும் சற்றுத் தள்ளித் தனியே வைத்தார். நடுவில் உள்ள வெளிர்ப் பட்டை, தன் இணையைவிட மேலும் வெளிராகத் தோன்றியது. நடுவில் உள்ள அடர்ப் பட்டை, தன் இணையைவிட மேலும் அடர்த்தியாகத் தோன்றியது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவது போன்ற காட்சி. வண்ணப் பட்டைகளை வைத்தபோதும் இதுவே நிகழ்ந்தது. ஒரு நிறம் தன் அண்டைப் பொருளின் மீது தன் நிரப்பு நிறத்தின் சாயலை ஏற்றிவிடுகிறது. சிவப்பின் அருகே உள்ளது சிறிது பசுமை கொள்ளும்; நீலத்தின் அருகே உள்ளது செம்மஞ்சள் சாயும்; ஊதாவின் அருகே உள்ளது மஞ்சள் சாயும். நீலத்தின் மடியில் அமர்ந்த கறுப்பு செம்மஞ்சள் கலந்து பழுப்பேறி மங்கியதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

பல பட்டைகளை வெளிர் முதல் அடர்வரை படிப்படியாக ஒட்டி வைத்தபோது இன்னொரு விந்தை தெரிந்தது. ஒவ்வொரு பட்டையும் முழுதும் ஒரே சீரான சாம்பல்தான். ஆனால் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. அடர்ந்த பட்டையைத் தொடும் ஓரம் வெளுத்தும், வெளிர்ப் பட்டையைத் தொடும் ஓரம் கறுத்தும், தட்டையான தாள் குழிவரிகள் செதுக்கிய தூணைப்போல் மேடு பள்ளமாகத் தோன்றியது. இன்று உளவியல் நூல்கள் இதனை ஷெவ்ரூல் மாயத்தோற்றம் என்றே வழங்குகின்றன.

இவ்வுண்மைகளைத் தொகுத்து 1828இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் ஆய்வுரையாகப் படித்தார். 1839இல் அவை விரிந்த நூலாக வெளிவந்தன. நிறங்களின் உடனிகழ் முரண் விதி என்று அந்நூலின் பொருளைத் தமிழில் கூறலாம். இரு நிறங்களை ஒரே வேளையில் அருகருகே காணும்போது அவற்றிடையே உள்ள வேறுபாடு மிகுந்து தோன்றும் என்பதே அவ்விதியின் சாரம். அண்டை நிறத்தின் விளைவை அவருக்கு முன்பும் சிலர் கண்டதுண்டு. பூஃபோன் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இவ்வகைத் தோற்றங்களை எழுதியிருந்தார். ஜெர்மானியக் கவிஞர் கதே 1810இல் நிறங்களைப் பற்றிப் பெருநூல் வரைந்தார். ஆனால் தனித்தனி விந்தைகளாகக் கிடந்தவற்றை ஒரு விதியின் கீழ்க் கொணர்ந்து, தொழிலாளியும் வணிகனும் ஓவியனும் பயன்படுத்தும் வகையில் எழுதியவர் ஷெவ்ரூலே.

இதனைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டா. விடுதியில் நானும் நண்பர்களும் ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு சதுரங்களை வெட்டி, ஒன்றைக் கறுப்பு அட்டைமீதும் மற்றொன்றை வெள்ளை அட்டைமீதும் வைத்துப் பார்த்தோம். ஒரே தாளில் வெட்டியவை என்பதை அறிந்த பின்னும் கண் அதனை ஒப்ப மறுக்கிறது. அறிவு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்லும் அக்கணம் வியப்பூட்டுவது. நீங்களும் செய்து பாருங்கள்.

வணிகர் வழக்கு

ஷெவ்ரூல் தம் நூலில் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சிகளில் இரண்டு என் மனத்தை மிகவும் கவர்ந்தன.

துணி வணிகர்கள் சிலர் சிவப்பு, ஊதா, நீலம் ஆகிய நிறத் துணிகளை அச்சிடுவோரிடம் கொடுத்து, அவற்றின் மீது கறுப்பில் பூவேலை அச்சிடச் சொன்னார்கள். துணி திரும்பி வந்தது. வணிகர்கள் முகம் சுளித்தனர். சிவப்புத் துணியில் பூவேலை பச்சையாக இருக்கிறது. ஊதாத் துணியில் பசுமஞ்சளாக இருக்கிறது. நீலத் துணியில் செம்பு நிறமாக இருக்கிறது. தாங்கள் கேட்டது கறுப்பு அல்லவா என்று வழக்காடினர். அச்சிட்டவரோ கறுப்பைத் தவிர வேறெதையும் தொடவில்லை. வழக்கு ஷெவ்ரூலிடம் வந்தது. அவர் எந்த வேதிப்பொருளையும் எடுக்கவில்லை. வெள்ளைத் தாளைப் பூவேலையின் வடிவத்துக்கு வெட்டி, துணியின் நிறம் தெரியாமல் சுற்றிலும் மறைத்தார். பூவேலை நல்ல கறுப்பாகத் தெரிந்தது. பிறகு கறுப்புத் துணித் துண்டுகளை வெட்டி அதே மூன்று நிறத் துணிகளின் மீதும் வைத்துக் காட்டினார். அத்துண்டுகளும் பூவேலையைப் போலவே நிறம் மாறித் தோன்றின. வழக்கு முடிந்தது. ஒரு தாள் துண்டு ஒரு தொழிலாளியின் கூலியையும் மானத்தையும் காத்தது.

மற்றொரு நிகழ்ச்சி. ஓர் அச்சுச்சாலையில் பச்சை நிறம் செய்வதற்கு நெடுநாளாக ஒரு செய்முறை இருந்தது. ஒருபோதும் அது பிழைத்ததில்லை. திடீரென ஒரு சமயம் பச்சை சரியாக வரவில்லை, மஞ்சளடித்துத் தெரிந்தது. காரணம் அறியாமல் எல்லோரும் திகைத்தனர். கோப்லனில் ஷெவ்ரூல் நடத்திய சொற்பொழிவுகளைக் கேட்டிருந்த ஒருவர் அதனைப் பார்த்தார். இம்முறை பச்சையை நீலத் தரைமீது அச்சிட்டிருக்கிறார்கள் என்பதைக் கண்டார். நீலம் தன் அண்டையில் உள்ள பச்சைமீது செம்மஞ்சள் சாயலை ஏற்றிவிட்டது. பச்சைக் கலவையில் சிறிது நீலத்தைக் கூட்டுங்கள், சரியாகிவிடும் என்று வழி கூறினார். கூட்டத்தில் அமர்ந்து ஒழுங்காகப் பாடம் கேட்ட ஒரு மாணவரால் ஒரு தொழிற்சாலையின் சிக்கல் தீர்ந்தது என்பது நமக்கெல்லாம் ஊக்கம் தரும் செய்தி.

கடைக்காரர்களுக்கும் அவர் ஒரு குறிப்புத் தந்திருக்கிறார். ஒருவருக்குத் தொடர்ந்து பதினான்கு சிவப்புத் துணிகளைக் காட்டினால், கடைசியில் காட்டும் துணிகள் முதலில் காட்டியவற்றைவிட மட்டமாகத் தோன்றும். துணியின் தரம் குறையவில்லை, கண் களைத்துவிட்டது. இடையே பச்சைத் துணியைக் காட்டினால் கண் புத்துணர்வு பெற்றுச் சிவப்பை மீண்டும் சரியாகக் காணும்.

நூலிழைகளைப் பொறுத்தவரை அவர் மற்றோர் உண்மையையும் கண்டார். நிரப்பு நிறங்களைப் பெரிய பரப்புகளாக அருகருகே வைத்தால் ஒன்றையொன்று ஒளிரச் செய்யும். அவற்றையே மெல்லிய இழைகளாகக் கலந்து நெய்து தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் கலந்து சாம்பலாக மங்கிவிடும். ஆகவே நெய்பவனுக்கு நிறம் தெரிந்தால் மட்டும் போதாது. வேலைப்பாட்டின் நுண்மை எவ்வளவு, பார்ப்பவர் நிற்கும் தொலைவு எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும்.

கலையுலகில் தாக்கம்

ஷெவ்ரூல் நிறங்களை ஒழுங்குபடுத்த 72 பிரிவுகள் கொண்ட வண்ண வட்டம் ஒன்றை அமைத்தார். அவர் நூல் திரைச்சீலையோடு நின்றுவிடவில்லை. ஓவியம், கம்பளம், வண்ணக் கண்ணாடி, சுவர்த்தாள், உடை, பூந்தோட்டம் எனப் பலவற்றுக்கும் விதியைப் பொருத்திக் காட்டியது. ஜெர்மன், ஆங்கில மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. டெலாக்ருவா போன்ற ஓவியர்கள் அவ்விதியில் ஆர்வம் காட்டினர். ஷோரா என்னும் இளம் ஓவியர் அந்நூலைக் கற்று, வண்ணங்களைக் குழைக்காமல் சிறு சிறு புள்ளிகளாக வைத்து ஓவியம் தீட்டினார். கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காட்டும் அவருடைய புகழ்பெற்ற ஓவியம் 1886இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் ஷெவ்ரூல் நூறாவது வயதை எட்டினார். சாயக் கொப்பரையருகே பிறந்த விதி ஓவியக்கூடத்தை அடைய அறுபது ஆண்டுகள் ஆயின.

கையும் ஏமாற்றும்

கண்ணின் மயக்கத்தை ஆராய்ந்தவர் கையின் மயக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. நூலில் கட்டித் தொங்கவிட்ட வளையம் சில பொருள்களின் மேல் தானாக ஆடும் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். ஷெவ்ரூல் தாமே அதனைப் பாதரசத்தின் மேல் பிடித்துப் பார்த்தார், ஆடியது! இடையே கண்ணாடித் தகட்டை வைத்தபோது ஆட்டம் குறைந்தது. மற்றவராயின் புதிய ஆற்றலைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பறைசாற்றியிருப்பர். அவரோ தம் கண்ணைக் கட்டச் செய்து, தாம் அறியாதபடி தகட்டை வைக்கவும் எடுக்கவும் பிறரைப் பணித்தார். இப்போது தகடு இருப்பதாலோ இல்லாததாலோ எந்த மாறுதலும் நிகழவில்லை. வளையத்தை ஆட்டியது தம் எண்ணமே. எண்ணம் தம்மை அறியாமல் தசையை இயக்கியது என்று உணர்ந்தார். இதனை 1833இல் இயற்பியலார் ஆம்பியருக்கு எழுதிய மடலாக வெளியிட்டார். பிற்காலத்தில் ஆவி மேசைகளைப் பற்றிய பரபரப்பு எழுந்தபோது, 1854இல் அவற்றையும் ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். தம்மைத் தாமே ஐயுறும் துணிவு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று.

பெருமையும் முதுமையும்

1826இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். 1830இல் தம் ஆசான் வோக்லன் வகித்த வேதியியல் பேராசிரியர் பதவி அவருக்கே வந்தது. 1857இல் இலண்டன் அரச கழகம் காப்ளி பதக்கம் அளித்தது. பின்னர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநராகி, 1879 வரை அப்பொறுப்பை வகித்தார். 1871 சனவரியில் பிரஷ்யப் படையின் குண்டுகள் அருங்காட்சியகத்தின் மீது விழுந்தபோது அவருக்கு வயது 84. முற்றுகையிட்ட நகரை விட்டு அவர் அகலவில்லை. அறிவுக்கூடத்தின் மீது குண்டு வீசியதைக் கண்டித்து அறிவியல் கழகத்தில் பதிவு செய்தார். அவ்வாண்டு மே மாதக் கலவரத்தில் கோப்லன் நெசவுச்சாலையின் ஒரு பகுதியும் தீக்கிரையாயிற்று. எத்தனை ஆட்சிகள் வந்து போயினும் அவர் தம் ஆய்வுக்கூடத்தை விட்டதில்லை.

இத்தனைப் பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் உரியவர் தம்மைப் பிரான்சு நாட்டு மாணவர்களில் மூத்தவர் என்றே கூறிக்கொள்வார். அதைவிட உயர்ந்த பட்டம் வேறில்லை என்பது அவர் கருத்து. 1886 ஆகஸ்டில் அவருடைய நூற்றாண்டை நாடே விழாவாகக் கொண்டாடியது. ஒளிப்படக் கலைஞர்களான நாதாரும் அவர் மகனும் ஷெவ்ரூலைச் சந்தித்து, பேச்சுக்கிடையே பல படங்கள் எடுத்தனர். ஒளிப்படங்களோடு இதழில் வெளிவந்த முதல் பேட்டி அதுவே என்று பலரும் கூறுவர். 1889 ஏப்ரல் 9ஆம் நாள் அவர் பாரிசில் இயற்கை எய்தினார். அதற்கு ஒன்பது நாள் முன்புதான் ஈபில் கோபுரம் திறந்து வைக்கப்பட்டது. அக்கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர்களின் பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று. 72 நிறங்களை வகுத்தவருக்கு 72 பேரில் ஓரிடம் கிடைத்தது இனிய பொருத்தமே.

பின்வந்தோர் கண்டவை

ஷெவ்ரூல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காட்டினார். ஏன் நிகழ்கிறது என்பதைக் கூற அக்கால அறிவியல் வளர்ந்திருக்கவில்லை. 1865இல் எர்னஸ்டு மாக் என்னும் ஆஸ்திரிய அறிஞர், விழித்திரையில் அண்டைப் பகுதிகள் ஒன்றையொன்று அடக்குகின்றன என்று கருதினார். அரசநண்டின் கண்ணை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஹார்ட்லைன் அதனை மெய்ப்பித்தார். ஒரு சிறு கண்ணறைமீது ஒளி பட்டால், அது தான் செய்தி அனுப்புவதோடு பக்கத்து அறைகளின் செய்தியைத் தணிக்கவும் செய்கிறது. ஹார்ட்லைன் 1967இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

நுண்ணிய வேலைப்பாட்டில் இதற்கு நேர்மாறான விளைவும் உண்டு என்று 1874இல் ஜெர்மானிய அறிஞர் பெட்சோல்டு எழுதினார். மெல்லிய கோடுகளின் நிறம் தன் தரையின் மீது பரவி அதனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஷெவ்ரூல் மறைந்து சரியாக நூறாண்டு கழிந்த 1989இல் சப், ஸ்பெர்லிங், சாலமன் ஆகிய மூவர் இன்னும் ஒரு படி சென்றனர். கறுப்பும் வெளுப்பும் கலந்த புள்ளிக் கோலம் ஒன்றை வெறும் சாம்பல் தரைமீது வைத்தால் தெளிவாகத் தெரியும். அதே கோலத்தை மேலும் அழுத்தமான புள்ளிக் கோலத்தின் நடுவே வைத்தால் மங்கித் தோன்றும். நிறம் மட்டுமன்றி, வேலைப்பாட்டின் அழுத்தமும் அண்டையைப் பொறுத்தே தெரிகிறது என்பது இதனால் புலனாயிற்று.

ஷெவ்ரூல் கூறிய அனைத்தும் அப்படியே நிலைத்துவிடவில்லை. அவர் கண்ட மார்காரிக் அமிலம் ஒரு கலவை எனப் பின்னர்த் தெரிந்தது. ஓவியர்களின் சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் மூன்றை அடிப்படையாகக் கொண்டு அவர் வகுத்த நிரப்பு நிற இணைகளும் ஒளியியலால் திருத்தப்பட்டன. ஆனால் அண்டையின் ஆட்சி பற்றிய அவர் கொள்கை அசையாமல் நிற்கிறது.

முடிவுரை

நம் வேதியியல் கூடத்தில் தரம்பார்த்தலின்போது கூம்புக் குடுவையின் கீழ் வெள்ளை ஓடு ஒன்றை வைக்கிறோம். பினால்ப்தலீன் தரும் மெல்லிய இளஞ்சிவப்பு, கறை படிந்த மேசையின் மேல் கண்ணுக்குத் தப்பிவிடும். வெள்ளை ஓட்டின் மேல் தப்பாது. ஒரு துளியின் வேறுபாட்டைக் காணச் சுற்றுப்புறத்தைச் சீர்செய்ய வேண்டும் என்னும் பாடம் அந்த ஓட்டில் அடங்கியிருக்கிறது. எக்ஸ்ரே படத்தின் பளிச்சிடும் பகுதிகளை மறைத்துவிட்டு மங்கிய நிழலைத் தேடும் மருத்துவரும் இதே பாடத்தைத்தான் பின்பற்றுகிறார்.

ஷெவ்ரூலின் வாழ்விலிருந்து நான் கற்றது இதுவே. ஒரு குறை நம் முன் வரும்போது, கண்ணால் கண்டேன் என்பது மட்டும் தீர்ப்புக்குப் போதாது. கண்ணால் காண்பதும் பொய் என்று நம் முன்னோர் கூறியது வெறும் பேச்சன்று. அதற்காக எல்லாக் குறைகளையும் கண்மயக்கம் என்று தள்ளிவிடவும் கூடாது. வெளுத்த நீலத்தை வெளுத்தது என்றே ஒப்புக்கொண்டவர்தான் கறுப்பு வெளுக்கவில்லை என்றும் துணிந்து கூறினார். எது சாயத்தின் குற்றம், எது அண்டையின் விளைவு என்று பிரித்தறியும் பொறுமையே நீதி. சக மாணவனை, பணியாளை, அயலானை எடைபோடும் முன் ஷெவ்ரூல் செய்தது போல் ஒரு வெள்ளைத் தாளை வெட்டிச் சுற்றுப்புறத்தை மறைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வருமானால், நாம் கல்லூரியில் பெறும் கல்விக்கு அதைவிடச் சிறந்த பயன் வேறொன்று இராது.